எல்லை கடக்கும் உயிரணு

மனித சரீரம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே பிண்டமாகத் தோன்றினாலும், அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் அதனுள் எண்ணிறந்த எல்லைகள் வகுக்கப்பட்டிருப்பதை அறிவார்கள். தோலின் மேற்படலத்திலும், குடலின் உட்புறத்திலும், மார்பகத்தின் பால் நாளங்களிலும் உயிரணுக்கள் ஒன்றையொன்று நெருங்கி வரிசையாக அமர்ந்து படலங்களாக நிற்கின்றன; அந்தப் படலம் ஒவ்வொன்றின் அடியிலும், அண்டையிலுள்ள திசுக்களிலிருந்து அதைப் பிரித்து வைக்கும் மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. அடித்தளச் சவ்வு என்பது அதன் பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் பெரும்பாலான இடங்களில் அதன் கனம். லேமினின் என்ற புரதமும் நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதமும் தனித்தனி வலைகளாக விரிந்து, கோரைப் பாயின் ஊடும் பாவும் போல ஒன்றையொன்று தாங்கி, வேறு சில புரதங்களால் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், இத்தனை மெல்லியதாயிருந்தும் அது எளிதில் கிழிவதில்லை. நீரும் உப்பும் சிறு மூலக்கூறுகளும் அதன் கண்கள் வழியே போய்வரும். அந்தக் கண்களைவிடப் பல நூறு மடங்கு பருத்த உயிரணுவுக்கோ அங்கே வழியில்லை. ஆகவே பெரும்பாலான உயிரணுக்கள் தாம் பிறந்த பக்கத்திலேயே வாழ்ந்து, அந்தப் பக்கத்திலேயே மடிகின்றன.

ஆனால் சில உயிரணுக்கள் இந்த எல்லையைக் கடந்தே ஆகவேண்டும் என்பதும் சரீரத்தின் நியதியாக இருக்கிறது. காலில் முள் குத்திச் சீழ் பிடிக்கும் இடத்துக்கு ரத்தத்திலிருந்து விரைந்து செல்லும் வெள்ளணுக்கள், நுண்ணிய ரத்த நாளத்தின் சவ்வைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேறுகின்றன. கர்ப்பம் தரித்த சில தினங்களிலேயே கருவின் வெளிப்புறத்து உயிரணுக்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிச் சென்று, அங்குள்ள குறுகிய தமனிகளை விரிவாக்கி, குழந்தைக்கு ரத்தம் தாராளமாகப் பாயும்படி செய்கின்றன. இந்தப் பிரவேசத்துக்கு ஓர் அளவு உண்டு; கருப்பையின் தசைச் சுவரில் உட்புறத்து மூன்றிலொரு பாகத்தோடு அவை நின்றுவிட வேண்டும். அந்த அளவுக்குக் குறைவாக ஊடுருவினால் தாய்க்கு ரத்த அழுத்தம் உயர்ந்து, உயிருக்கே ஆபத்தாகும் கர்ப்பகால நோய் உண்டாகக்கூடும். அளவு மீறினால் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியாமல் பிரசவத்தின்போது பெரும் ரத்தப்போக்கை உண்டாக்கும். ஒரு தாயின் ஜீவனும் ஒரு சிசுவின் ஜீவனும், கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் எவ்வளவு தூரம் நடந்து எங்கே நின்றன என்பதைப் பொறுத்திருக்கிறது என்று நினைக்கும்போது, அந்த நடையை ஆளும் சட்டம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதே கேள்வியைப் புற்றுநோய் இன்னும் உக்கிரமாகக் கேட்கிறது. மார்பகத்திலோ கருப்பைவாயிலோ தோன்றும் கட்டி, அடித்தளச் சவ்வுக்கு இப்பாலேயே அடங்கியிருக்கும்வரை அதை அறுவை சிகிச்சையால் முழுவதும் அகற்றிவிடுவது பெரும்பாலும் சாத்தியம். சவ்வைக் கடந்து ஒரு சிறு கூட்டம் அப்புறம் போய்விட்டது என்று தெரிந்தால் வைத்தியருடைய முகபாவமே மாறிவிடுகிறது. திசுவை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்க்கும் நோய்க்கூற்று நிபுணர், அந்தக் கோடு அறுபடாமல் இருக்கிறதா என்பதையே முதன்மையாகத் தேடுகிறார். புற்றுநோயால் மாண்டவர்களில் பெரும்பாலோர் முதலில் தோன்றிய கட்டியினால் மாளவில்லை. அங்கிருந்து புறப்பட்டு எல்லைகளைக் கடந்து நுரையீரலிலும் ஈரலிலும் எலும்பிலும் குடியேறிய உயிரணுக்களாலேயே மாண்டார்கள். எங்கள் தலைமுறையில் இந்தத் துயரத்தை அறியாத குடும்பம் அரிது. ஆதலால்தான், ஒரு உயிரணு எவ்வாறு சவ்வைத் துளைக்கிறது என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் விட்டுவிட மனம் வருவதில்லை.

புற்றணு இந்த வித்தையைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணுவது பிழை. வெள்ளணுவும் கருவின் உயிரணுவும் முறைப்படி செய்கிற காரியத்துக்கான கட்டளைகள் எல்லா உயிரணுக்களின் மரபணுத் தொகுதியிலும் எழுதியே இருக்கின்றன. உறங்கவேண்டிய இடத்தில் அவை விழித்துக்கொள்வதையே நாம் நோய் என்கிறோம். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. மண்ணில் வாழும் ஒரு புழுவின் ஒரே ஒரு உயிரணுவை ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் பொறுமையாகக் கவனித்தவர்கள் நமக்குக் காட்டித் தந்த உண்மை இது.

மனித உடலில் இந்தப் பிரவேசத்தை நேரில் காண்பது துர்லபம். எந்த உயிரணு எப்போது புறப்படும் என்று யாருக்கும் தெரியாது; அது நிகழும் இடமோ சரீரத்தின் ஆழத்தில் இருக்கிறது. சோதனைக் கண்ணாடியில் வளர்க்கும் புற்றணுக்களைச் செயற்கைச் சவ்வின்மேல் வைத்துப் பார்க்கலாமென்றாலும், உயிருள்ள சவ்வு வேறு, வார்த்தெடுத்த சவ்வு வேறு. இந்த இக்கட்டுக்கு விடை, சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழுவிடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர் 1960களில் இந்தப் புழுவை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தார். உயிரோடு இருக்கும்போதே கண்ணாடி போல் ஊடுபார்க்கக்கூடிய சரீரம். முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை சுமார் 3 நாட்களே ஆகும் வாழ்வு. இனப்பெருக்க அணுக்களை நீக்கி எண்ணினால், முதிர்ந்த புழுவின் சரீரத்தில் சரியாக 959 உயிரணுக்கள். அவை ஒவ்வொன்றும் எதிலிருந்து எப்போது பிரிந்து வந்தது என்ற வம்சாவளியை ஜான் சல்ஸ்டனும் அவருடைய சகாக்களும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து கையால் வரைந்து முடித்தார்கள். பிரென்னர், சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகிய மூவருக்கும் 2002-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1998-இல் இந்தப் புழுவின் மரபுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000 இருப்பதாகத் தெரிந்தது. மனிதனுக்கும் ஏறக்குறைய அத்தனையே.

இந்தப் புழுவின் கருப்பை ஒருபுறமும், அதன் முட்டைகள் வெளிவர வேண்டிய வாயில் மற்றொரு புறமுமாகத் தனித்தனியே வளர்கின்றன. இரண்டுக்கும் நடுவே, கருப்பையைச் சூழ்ந்த அடித்தளச் சவ்வு ஒன்றும் வெளித்தோலின் அடித்தளச் சவ்வு ஒன்றுமாக இரண்டு சவ்வுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. முட்டை வெளிவர வேண்டுமானால் அவ்விரண்டும் சரியான இடத்தில் திறக்கப்பட வேண்டும். அந்தப் பணி நங்கூர அணு என்று வழங்கும் ஒரே ஒரு உயிரணுவின் பொறுப்பு. ஆரம்பத்தில் சம தகுதியுள்ள இரண்டு உயிரணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாட்ச் என்ற புரதத்தின் வழியாக அவை ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டு, அவற்றில் ஒன்று நங்கூர அணுவாகிறது, மற்றது கருப்பையின் சாதாரண அங்கமாகிறது. எந்த அணுவுக்கு எந்தப் பதவி என்பது புழுவுக்குப் புழு வேறுபடும். இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட நங்கூர அணு முதலில் கீழேயுள்ள தோலணுக்களுக்குச் சமிக்ஞை அனுப்பி அவற்றை வாயிலாக மாறும்படி தூண்டுகிறது. ஜூடித் கிம்பிள் 1981-இல் லேசர் ஒளியால் அந்த ஒரே அணுவை அழித்துவிட்டுப் பார்த்தபோது வாயிலே உண்டாகவில்லை. தூண்டி முடித்தபின், புழுப் பருவங்களில் மூன்றாவதன் நடுவே, சில மணி நேரத்துக்குள் அது இரண்டு சவ்வுகளையும் துளைத்துக் கீழிறங்கி, தான் உருவாக்கிய வாயிலின் உயிரணுக்களோடு சேர்ந்துகொள்கிறது.

கலிபோர்னியாவின் பசடீனாவில் பால் ஸ்டெர்ன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டேவிட் ஷெர்வுட், இந்தக் கீழிறங்குதல் தற்செயலான நெகிழ்வன்று, புற்றணுவின் ஊடுருவலோடு ஒப்பிடத்தக்க முறையான பிரவேசமே என்று 2003-இல் ஸ்டெர்ன்பெர்க்கோடு சேர்ந்து எடுத்துக்காட்டினார். பின்னர் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்துக்கொண்ட ஆய்வுக்குழு இந்த ஒரே உயிரணுவையே தன் விஷயமாக்கிக்கொண்டது. நாளும் பொழுதும் இடமும் முன்கூட்டியே தெரிந்த ஒரு பிரவேசம். அதை உயிருள்ள பிராணியிலேயே, லேமினினோடு பச்சை ஒளி வீசும் புரதத்தை இணைத்துவிட்டு, சவ்வு திறப்பதைக் கண்ணாரக் காணலாம். அந்த ஒளிப் புரதம் ஜெல்லி மீனிலிருந்து வந்தது. அதை வேறு பிராணிகளிலும் ஒளிரச் செய்யலாமென்று மார்ட்டின் சால்ஃபி 1994-இல் நிரூபித்ததும் இதே புழுவின் நரம்பணுக்களில்தான்.

இனி மரபணுக்களுக்கு வருவோம். 2005-இல் ஷெர்வுட்டும் சகாக்களும் ஃபாஸ் என்ற மரபணுவின் ஒரு வடிவம் பழுதுபட்ட புழுக்களைப் பரிசோதித்தார்கள். அந்தப் புழுக்களில் நங்கூர அணு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. கீழ்நோக்கித் தன் கால்களை நீட்டவும் செய்தது. ஆனால் சவ்வு திறக்கவில்லை. கால் நீட்டுவதற்கு ஒரு கட்டளை, தடையை நீக்குவதற்கு வேறொரு கட்டளை என்று இரண்டும் தனித்தனியே இருப்பது இதனால் விளங்கிற்று. ஃபாஸ் புரதம் தானே சவ்வைக் கரைப்பதில்லை. மற்ற மரபணுக்களை இயக்கும் அதிகாரி அது. சவ்வைச் சிதைக்கும் நொதியொன்றின் மரபணுவையும், சவ்வோடு உயிரணுவைப் பிணைக்கும் புரதமொன்றின் மரபணுவையும் அது நங்கூர அணுவில் இயங்கச் செய்கிறது. இதில் என் கவனத்தைக் கவர்ந்த விஷயம் வேறு. எலிகளின் எலும்பில் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸில்தான் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஃபாஸை முதன்முதல் கண்டார்கள். அதன் இயல்பான வடிவம் எலியிலும் மனிதனிலும் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. மனிதக் கட்டிகளிலும் சவ்வைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களை இயக்குவதில் அதற்குப் பங்குண்டு. முட்டையிட வழி செய்யும் ஒரு புழுவின் உயிரணுவும், மனித உயிரைக் குடிக்கும் கட்டியின் உயிரணுவும், ஒரே அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழ்ப்படிகின்றன.

கரைக்கும் ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது; எந்தத் திசையில், எந்தப் புள்ளியில் என்பதும் நிர்ணயிக்கப்பட வேண்டும். வளரும் நரம்பிழைகளுக்கு வழிகாட்டும் நெட்ரின் என்ற புரதம், புழுவின் வயிற்றுப் புறத்து நரம்புத் தண்டிலிருந்து சுரக்கிறது. நங்கூர அணு அதை ஏற்கும் வாங்கியைத் தன் கீழ்ப்புறத்தில் திரட்டி வைத்துக்கொண்டிருப்பதை 2009-இல் ஷெர்வுட்டின் குழுவினர் கண்டார்கள். நெட்ரின் இல்லாத புழுக்களில் பிரவேசத்துக்கான சாதனங்கள் கீழ்ப்புறத்தில் கூடாமல் சிதறிப்போயின. பெருங்குடல் புற்றில் பல வேளை இழக்கப்பட்டுவிடும் மரபணு என்று 1990-இலேயே பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு அடையாளம் காட்டியிருந்தது இந்த வாங்கியின் மனித இனத்துச் சகோதர மரபணுவைத்தான். அடுத்து, உயிரணுவின் கீழ்ப்புறத்தில் ஆக்டின் என்ற இழைப் புரதத்தாலான சிறு சிறு முனைகள் கணந்தோறும் எழுந்து, சவ்வை அழுத்தி, மறைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்றோ இரண்டோ சவ்வைத் துளைத்துவிட்டால், வாங்கிகள் யாவும் அந்தத் துளைக்கு விரைந்து சேர, சிறு முனைகள் எழுவது நின்று, ஒரே பெரிய நீட்சி அந்தத் துளையின் வழியே இறங்கி அதை அகலமாக்குகிறது. பல முயற்சிகளைச் சோதித்துவிட்டு வென்ற இடத்தில் முழுப் பலத்தையும் குவிக்கும் இந்த ஒழுங்கைப் படித்தபோது, மூளையில்லாத ஒரு துளி ஜீவரசத்தில் இத்தனை விவேகம் எப்படி வந்தது என்று வியந்தேன்.

மரபணுக்களைத் தேடிப் பிடிக்கும் முறையும் இந்தப் புழுவாலேயே வந்த செல்வம். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் புழுவுக்குக் கொடுத்தால் அதற்கு ஒத்த மரபணு ஊமையாகிவிடுவதை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-இல் அறிவித்து, 2006-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். அந்த ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் பாக்டீரியாவைப் புழுவுக்கு உணவாகக் கொடுத்தாலே போதும் என்பதால், மரபணுக்களை ஒவ்வொன்றாக ஊமையாக்கிப் பார்ப்பது கைகூடிற்று. இவ்வகையில் மரபணுக்களைச் சல்லடை போட்டுப் பார்த்த டேவிட் மேட்டஸும் ஷெர்வுட்டும் மற்றவர்களும், பிரவேசத்துக்கு உதவும் மரபணுக்களாக 99-ஐ 2010-இல் பட்டியலிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சிகளுள் மிகவும் எதிர்பாராததென்று நான் கருதுவது மேட்டஸ் முன்னின்று 2015-இல் வெளியிட்ட முடிவு. புற்றணுவின் லட்சணம் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று நாம் பள்ளியிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். பெருகுகிற உயிரணுவே துளைத்துக்கொண்டும் போகும் என்று எண்ணுவதும் இயல்பு. நங்கூர அணுவோ பிரிந்து பெருகுவதை அடியோடு நிறுத்திக்கொண்ட பிறகே சவ்வைத் துளைக்கிறது. அதைப் பிரிவின் ஆரம்பக் கட்டத்திலேயே நிறுத்திப் பிடித்து வைப்பது என்.எச்.ஆர்.-67 என்ற மரபணு. அந்த மரபணுவை ஊமையாக்கினால் நங்கூர அணு ஒன்று பலவாகப் பெருகுகிறது; அத்தனை பேர் கூடியும் ஒரு சவ்வைத் திறக்க முடியாமல் நிற்கிறார்கள். பிரிவதைத் தடுக்கும் வேறொரு புரதத்தைச் செயற்கையாகப் புகுத்தி அவற்றை மீண்டும் நிறுத்தினால், துளைக்கும் சக்தி திரும்ப வருகிறது. உயிரணு நின்ற பின்னர், குரோமோசோம்களின் சுருணையைத் திருத்தி எந்த மரபணு வாசிக்கப்படலாம் என்று தீர்மானிக்கும் ஒரு நொதி வேலை செய்து, ஃபாஸ் முதலான கட்டளைகள் வெளிவர வழி விடுகிறது. பெருங்குடல் புற்றுக்கட்டிகளின் முன்னேறும் விளிம்பில் உள்ள உயிரணுக்கள் நடுவிலுள்ளவற்றைவிடக் குறைவாகவே பிரிகின்றன என்று நோய்க்கூற்று நிபுணர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். புழுவின் சாட்சியத்துக்குப் பிறகு அந்தக் கவனிப்புக்குப் பொருள் கிடைத்திருக்கிறது. புற்றுக்கு இன்று கொடுக்கும் பல மருந்துகள், பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவைக் குறிவைப்பவை. பிரிவதை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கிய உயிரணு அவற்றின் பார்வையிலிருந்து தப்பிவிடக் கூடுமென்பது வைத்தியர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய சங்கதி.

மற்றொரு படிப்பினை நொதிகளைப் பற்றியது. அதற்கு ஒரு துயரமான பூர்வ கதையும் உண்டு. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் 1962-இல் கொலாஜனைச் சிதைக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்து நொதிகள் பரவும் கட்டிகளில் மிகுதியாக இருப்பது பின்னர் தெரிந்தபோது, அவற்றைத் தடுத்துவிட்டால் புற்று பரவாது என்ற நம்பிக்கை எழுந்தது. மாரிமாஸ்டட் முதலிய மருந்துகள் தயாராகி, 1990களில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டன. மூட்டுகளில் வலியை உண்டாக்கியதற்கு மேல், எதிர்பார்த்த ஆயுளை அவை கொடுக்கவில்லை. அந்தச் சோதனைகளுக்கு உடன்பட்ட நோயாளிகள் தங்கள் கடைசி மாதங்களைப் பிறருடைய நன்மைக்காக அளித்தவர்கள். அவர்களை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

தோல்விக்கு ஒரு முக்கிய காரணத்தை 2019-இல் டியூக் பல்கலைக்கழகத்துக் குழு புழுவில் கண்டது. நங்கூர அணு பயன்படுத்தும் ஐந்து நொதிகளின் மரபணுக்களையும் ஒருசேர நீக்கிய புழுக்களை அவர்கள் உருவாக்கினார்கள். நங்கூர அணு தாமதப்பட்டது, தடுமாறியது. ஆயினும் உள்ளே நுழைந்தது. கரைக்கும் வழி அடைபட்டதும் அது ஆக்டின் இழைகளை முன்னிலும் அடர்த்தியாகத் திரட்டி, ஒரு பெரிய முனையாக்கி, சவ்வை உந்தியே கிழித்து ஒதுக்கிவிட்டது. அந்த உந்துதலுக்கு அபரிமிதமான சக்தி வேண்டும். அதற்காக உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாக்கள் அந்த முனைக்குள்ளேயே வந்து குழுமி, வேலை நடக்கும் இடத்திலேயே ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறை உற்பத்தி செய்து தந்தன. நொதிகளோடு கூட இந்தச் சக்தி விநியோகத்துக்கு வேண்டிய மரபணுக்களையும் முடக்கினால் பிரவேசம் பெரிதும் தடைப்படுகிறது.

மரபணு ஒன்றைப் பிடித்து இதுதான் ஊடுருவலின் மூலகாரணம் என்று காட்டும் ஆசை விஞ்ஞானிகளுக்கும் உண்டு, பத்திரிகைகளுக்கும் உண்டு. நங்கூர அணு அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. பிரிவதை நிறுத்தும் கட்டளை, திசை காட்டும் கட்டளை, கரைக்கும் கட்டளை, உந்தும் கட்டளை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் ஏற்பாட்டில், ஒன்று தவறினால் மற்றொன்று அதன் குறையை நிரப்புகிறது. முட்டை வெளிவராவிட்டால் அந்த வம்சத்தின் பெருக்கம் குன்றும் என்பதால் கோடிக்கணக்கான தலைமுறைகளில் இயற்கை அப்படி வகுத்திருக்கிறது. மாரிமாஸ்டட் ஒரு வழியை அடைத்தது. புற்றணுவுக்கு இன்னொரு வழி திறந்தே இருந்திருக்க வேண்டும். கரைக்கும் நொதியையும் முனைக்கு ஊட்டப்படும் சக்தியையும் ஒரே காலத்தில் தடுக்கும் மருந்துச் சேர்க்கைகளைத் தேடுவது இப்போது நியாயமான அடுத்த படி. வெள்ளணுக்களின் நடமாட்டத்தையும் ஆறுகிற புண்ணையும் கெடுக்காமல் அதைச் செய்ய முடியுமா என்பதே அந்த மருந்துகள் கடக்க வேண்டிய முதல் பரீட்சை.